படகு எஞ்சினின் வலுக்குறைவும் அதன் காரணம் காணும் முறையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒரு தமிழாசிரியன், பெட்ரோலும் பிளக்குமாகிய விஷயத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பது கண்டு உங்களிற் சிலர் நகைத்தலை யான் காண்கின்றேன். அந்நகைப்பு நியாயமே. சென்ற மாதம் நம் செயலாளர் என் இல்லத்துக்கு எழுந்தருளி, ‘பண்டிதரே, இம்முறை காப்பியம் வேண்டாம். உங்கள் அத்தான் வீட்டு எஞ்சின் கதையைச் சொல்லுங்கள். கரையிலே பாதிப் பேருக்கு அது பயன்படும்’ என்றார். யானும் வள்ளத்தின் அணியத்தில் உட்கார்ந்து வளர்ந்தவனாதலின் இசைந்தேன். எஞ்சின் தொழிலைக் கையாற் செய்து பழகிய மெக்கானிக்குகள் இவ்வவையில் இருக்கின்றனர். யான் சொல்வதில் பிழையிருப்பின் அவர்கள் இப்போதே எழுந்து திருத்துவார்களாக.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். படகின் பின்புறப் பலகையில் வெளியே தொங்கவிடப்படுதலின் இதனை அவுட்போர்டு என்கின்றனர். யான் ‘புறப்பொறி’ என்றொரு பெயர் புனைந்து கரையிலே சொல்லிப் பார்த்தேன். ‘பொறி வைத்து எலி பிடிக்கவா?’ என்று ஒரு முதியவர் கேட்டுவிட்டார். அதன்பின் யானும் எஞ்சின் என்றே சொல்லி வருகின்றேன்.

நார்வே தேசத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரத்தில் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட இத்தகைய எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினார். அவருக்கு முன்னும் சிலர் செய்ததுண்டு. ஆயினும் ஊரறியச் செய்தவர் அவரே. வெயிற்காலத்தில் ஓர் ஏரியிலே தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரத் தண்டு வலித்துச் சென்று மீள்வதற்குள் அது உருகிப் போயிற்றாம். அந்த வருத்தத்தில் பிறந்தது இவ்வெஞ்சின் என்று சொல்லுவர். மெய்யோ பொய்யோ, தண்டு வலித்துக் கை காய்த்த நம்மவர்க்கு அக்கதை எளிதில் விளங்கும்.

நிற்க. நம் கரையில் இன்றும் மிகுதியாக ஓடும் பழைய எஞ்சின்கள் டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையின் ஓர் இயல்பை மாத்திரம் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றேன். மற்றவை மறந்தாலும் குற்றமில்லை. காரில் உள்ளது போல இதற்கு வேறாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே கார்புரேட்டர் வழியாக உட்சென்று, கிராங்கு, பேரிங், பிஸ்டன் அனைத்தையும் நனைத்துவிட்டுப் பின் எரிந்து வெளியேறுகின்றது. ஆதலின் பெட்ரோல் வரவு குறையுமாயின் எண்ணெய் வரவும் உடன் குறைகின்றது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை எரியும்போது சூடும் ஏறுகின்றது. சூடு ஏறி வழவழப்புக் குறைந்தால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். வலுக் குன்றிய எஞ்சினை, ‘எப்படியோ கரை சேர்ந்துவிடலாம்’ என்று கைப்பிடியை முழுதும் முறுக்கி ஓட்டுகின்றோமே, அது நானூறு ரூபாய்ப் பழுதை நாற்பதாயிரம் ரூபாய்ப் பழுதாக்கும் வழியாம். அத்தகைய நேரத்தில் விசையைக் குறைத்து மெல்ல வருதலே செய்யத்தக்கது.

இனி, செயலாளர் குறித்த கதைக்கு வருகின்றேன். என் தமக்கையின் கணவர் 2008ஆம் ஆண்டில் இரண்டு சிலிண்டர், 15 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கினார். பதின்மூன்று ஆண்டு அது குறையின்றி உழைத்தது. 2021ஆம் ஆண்டு கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் அது தளர்ந்தது. ஒரு மணி நேரத்தில் சென்றடையும் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதற் கால் மணி நேரம் நன்றாகவே ஓடும். பின்னர் மூச்சுத் திணறுபவனைப்போல் தணியும். விசையைக் குறைத்தால் மீண்டும் தெளியும். முறுக்கினால் மறுபடியும் தணியும். அருகிலுள்ள பட்டினத்தில் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் கயிற்றை இருமுறை இழுத்துப் பார்த்து, ‘பிஸ்டனும் ரிங்கும் போய்விட்டன. சிலிண்டரைக் கடைந்து இரண்டும் புதிதாகப் போட வேண்டும்’ என்று சொல்லி, ஒரு பெருந்தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். என் தமக்கை தன் சங்கிலியைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்தாள். சனிக்கிழமை யான் சென்றபோது அம்முடிச்சு சாமிபடத்தின் கீழ் இருந்தது. திங்கட்கிழமை அடகுக்கடை செல்லுவதாக ஏற்பாடு.

‘அத்தான், இரண்டு நாள் பொறுங்கள்’ என்றேன்.

‘மாப்பிள்ளை, உமக்கு எழுவாய் பயனிலைதான் தெரியும்’ என்றார் அவர்.

அவர் சொன்னதும் உண்மையே. யான் முதலிற் செய்த காரியம் அதற்குச் சான்றாயிற்று. அன்று மாலையே பிளக்குகளைப் புதிதாக மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டாங்கில் இருந்த பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பூட்டினேன். மறுநாள் எஞ்சின் பறந்தது. எல்லாரும் என்னைப் புகழ்ந்தனர்; யானும் புகழை ஏற்றுக்கொண்டேன். அடகுப் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் அதே திணறல் மீண்டது. நான்கு காரியங்களை ஒரே மாலையிற் செய்தமையால், எது குணம் தந்தது, எது தரவில்லை என்று அறிய வழியில்லாமற் போயிற்று. ஒரு செய்யுளுக்குப் பொருள் காணும்போது பதம் பதமாகப் பிரித்துக் காண்க என்று மாணவர்களை நாள்தோறும் அதட்டுகின்ற யானே அவ்விதியை மீறினேன். அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் சென்றேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதன் பயனை எழுதிய பின்னரே அடுத்தது.

முதலிற் பிஸ்டனைப் பற்றிய அச்சத்தைத் தீர்த்துக்கொள்ள எண்ணினோம். அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் என்னும் கருவி ஒன்றை இரவல் வாங்கினோம். எஞ்சினைச் சற்றே சூடாக்கி நிறுத்தி, இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் கம்பிகளை எஞ்சினின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டி, கைப்பிடியை முழுதும் திறந்து வைத்து, கருவியைப் பிளக்குத் துளையில் திருகி, முள் ஏறி நிற்கும் வரை கயிற்றை இழுத்தல் வேண்டும். மேற் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 112 ராத்தல் காட்டிற்று. கீழ்ச் சிலிண்டர் 108. இவ்வகைப் பழைய எஞ்சினில் 100க்கு மேற்பட்டு, இரண்டுக்குமுள்ள வேற்றுமை பத்தில் ஒரு பங்குக்குள் நிற்குமாயின் பெரும்பாலும் பிஸ்டனையும் ரிங்கையும் குறை சொல்லுதற்கில்லை. ஒன்று 110 காட்டி மற்றது 70 காட்டியிருப்பின் அந்தப் பட்டினத்தார் சொன்னது பலித்திருக்கும். கருவியின் விலை ஓர் இரவின் எண்ணெய்ச் செலவுக்கு மேற்படாது. கயிற்றை இருமுறை இழுத்துப் பார்த்த கை எத்துணைத் தேர்ந்ததாயினும், முள் காட்டும் எண்ணுக்கு ஈடாகாது.

அடுத்து, இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தோம். ஒரு பக்கம் படுத்துவிட்டால் எஞ்சின் நிற்காது; பாதி வலுவோடு ஓடிக்கொண்டேயிருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி உலோகத்தில் பொருத்திக் கட்டிவிட்டு, மீண்டும் ஓட விட்டுக் கவனிக்க வேண்டும். ஒலியில் வீழ்ச்சி தெரிந்தால் அப்பக்கம் உயிரோடு இருந்தது என்று பொருள். வேற்றுமை சிறிதும் இல்லையெனில் அப்பக்கமே நோயாளி. ஓடும்போது கம்பியைப் பிடுங்குதல் கூடாது. கையில் அதிரும் என்பது மட்டுமன்று, தீப்பொறி போக வழியின்றி உள்ளிருக்கும் மின்கருவியும் கெடும். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும்போது பெட்ரோல் டப்பாவையும் திறந்த பிளக்குத் துளையையும் விட்டு விலகியே பார்த்தல் வேண்டும். அத்தானின் எஞ்சினில் இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தன.

பின்னர்ச் சுமையோடு பார்க்கக் கடலிற் சென்றோம். கரையில் சும்மா ஓடும் எஞ்சினில் இந்நோய் தோன்றாது. வேண்டும்போது மிகுந்த பெட்ரோலை இழுக்கும் பொழுதே தோன்றும். காற்றுத் தணிந்த காலை நேரமாகப் பார்த்து, நங்கூரமும் தண்டும் ஏற்றிக்கொண்டு, கரைக்கு அண்மையிலேயே ஓட்டினோம். அத்தான் கைப்பிடியில், யான் நோட்டுப் புத்தகத்தோடு, பதினான்கு வயதுள்ள என் மருமகன் டாங்கின் அருகில். பன்னிரண்டாம் நிமிஷத்தில் திணறல் வந்தது. அப்போது அப்பிள்ளை, ‘மாமா, இந்த உருண்டை சப்பிப்போய்க் கிடக்கே!’ என்று கத்தினான்.

அவன் குறித்தது, டாங்கிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் நடுவே, முதலில் பெட்ரோல் ஏற்றுதற்காகக் கையால் அமுக்குகின்றோமே, அந்த ரப்பர் உருண்டையை. அது பேசத் தெரிந்த உறுப்பு. திணறும் நேரத்தில் அதனைப் பார்த்தால் நோயின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். எஞ்சின் உறிஞ்சியும் பெட்ரோல் வாராமல் உருண்டை ஒட்டிச் சப்பினால், தடை உருண்டைக்குப் பின்னே, டாங்கின் பக்கத்தில் உள்ளது. சப்பாமல் தொய்ந்து மெத்தென்று இருந்து, நாம் அமுக்கியவுடன் எஞ்சின் வலுப்பெற்றால், எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பின் தோல் தளர்ந்திருக்கலாம், அல்லது இணைப்புகளில் எங்கோ காற்று உட்புகலாம். அமுக்கியும் பயனில்லையானால் கார்புரேட்டரின் துளையையோ, வேறு இடத்தையோ நாட வேண்டும். சோக்கைச் சிறிது இழுத்தவுடன் எஞ்சின் தெளியுமாயின் அதுவும் பெட்ரோல் வரவு குறைந்துள்ளது என்பதற்குச் சான்று.

உருண்டை சப்பியது. ஆகவே டாங்கின் பக்கம். முதலில் மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தோம். அதனைத் திறக்க மறந்து கடலுக்குச் சென்று, நடுவழியில் எஞ்சினைத் திட்டுபவர் நம்மில் எத்தனை பேர் என்று யான் கேட்கப்போவதில்லை. கை தூக்கவும் வேண்டாம். அது திறந்தே இருந்தது. டாங்கினுள் உறிஞ்சும் குழலின் வலைக்கண் தூய்மையாக இருந்தது. எஞ்சியது டாங்குக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட இரண்டு முழக் குழாயே. புறத்தே ஒரு கீறலும் இல்லை. கத்தியால் நெடுகப் பிளந்தோம். உள்ளே இருந்த மெல்லிய உறை, பாம்புச் சட்டை உரிந்தாற்போல் உரிந்து, ஒரு நாக்காக நின்றது. மெல்ல ஓடும்போது பெட்ரோல் அதனைத் தாண்டிச் சென்றது. விசையோடு உறிஞ்சும்போது அந்நாக்கே வழியை அடைத்தது. முதற் சனிக்கிழமை யான் குழாயைக் கழற்றி எதிர்ப்புறமாக ஊதியதால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் ஓடிற்று. அந்த மூன்று நாளும் கார்புரேட்டரைக் கழுவிய பெருமை எனக்குக் கிடைத்தது!

புதுக் குழாய், உருண்டை உட்பட, நானூற்றுச் சொச்சம் ரூபாய். எஞ்சின் இன்றும் ஓடுகின்றது.

உள்ளுறை உரிந்ததன் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. ரப்பருக்கும் வயதுண்டு. ஆயினும் ஒன்று கூறுவேன். 2023ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் என்னும் சாராயச் சத்துக் கலந்த பெட்ரோல் பரவி வந்துள்ளது. பழங்காலத்து ரப்பர் வகைகளிற் சில அதற்கு ஒவ்வா. இளகும், உரியும், வெடிக்கும். அன்றியும் எத்தனால் நீரை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். எஞ்சினோ அடியிலிருந்தே உறிஞ்சும். ஆதலின் பழைய எஞ்சின் வைத்திருப்போர் குழாய்களையும் பம்பின் தோலையும் இக்காலப் பெட்ரோலுக்கு ஏற்றனவாக மாற்றிக்கொள்வதும், மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலை ஊற்றாதிருப்பதும் நலம்.

எல்லா எஞ்சினுக்கும் குழாயே காரணம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் சிற்றப்பா மகன் படகில் எஞ்சின் கூவியது. படகு மட்டும் நகரவில்லை. அங்கே குற்றம் புரொப்பல்லரில். அதன் நடுவில் உள்ள ரப்பர் புஷ் நழுவி, தண்டு சுழல, இதழ்கள் பின்தங்கின. உட்குடத்திலும் வெளிக்குடத்திலும் ஒரே நேராக வண்ணக் கோடு ஒன்று இட்டு, ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருப்பின் புஷ் நழுவுகின்றது என்று தெளியலாம். இதனைச் செய்யுமுன் பிளக்குக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். புரொப்பல்லரில் கை வைத்திருக்கும்போது எஞ்சின் உயிர் பெறுதல் நல்லதன்று. எஞ்சின் கூவாமல் முக்கி முனகினால், படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறியுள்ளனவா, தண்டில் தூண்டில் நரம்போ வலைத்துண்டோ சுற்றியுள்ளதா என்று எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே பார்த்தல் வேண்டும். கைப்பிடியின் கம்பி நீண்டுபோய், நாம் முழுதும் முறுக்கியும் கார்புரேட்டரின் இதழ் முக்கால் மட்டுமே திறந்து நின்றதையும் யான் கண்டிருக்கின்றேன். மூடியைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போதே ஒருவர் முறுக்க மற்றொருவர் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரியும்.

எஞ்சினின் பின்னே ஊசிபோற் பீச்சும் நீரைப் பற்றித் தாய்மார்களும் அறிந்திருத்தல் நலம். கரையில் நின்று வழியனுப்பும்போது அது கண்ணுக்குத் தெரியும். அந்நீர் மெலிந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே சரிவரச் செல்லவில்லை என்று பொருள். நீர் பம்பிலுள்ள ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம், உப்பு அடைத்திருக்கலாம். மணல் கலங்கிய ஆழமற்ற நீரில் ஓட்டுவோர்க்கு அச்சக்கரம் விரைவில் தேயும். சூடேறிய எஞ்சின் முதலில் வலுவைக் குறைத்துத்தான் நம்மை எச்சரிக்கும்; அடுத்து ஒன்றும் சொல்லாது, நின்றுவிடும். தொழில் முடிந்து வந்தபின் நன்னீரால் உட்புறம் அலசுதல் உப்பைத் தடுக்கும். நன்னீர்ப் பஞ்சமுள்ள நம் ஊரில் இது எளிதன்று என்பதும் அறிவேன். ஒரு பீப்பாய் நீரைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். நீரின்றி வெறுங்கரையில் ஓட விடுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது.

சூடானபின் மாத்திரம் ஒரு சிலிண்டர் படுத்து, ஆறியபின் எழுந்துவிடும் எஞ்சினும் உண்டு. அங்கே இக்னிஷன் காயிலையே ஐயுற வேண்டும். இதனைக் கரையில் ஆறிய நிலையிற் சோதித்தால் ஒன்றும் அகப்படாது. மருத்துவரிடம் சென்றவுடன் காய்ச்சல் மறையும் பிள்ளைபோல் நிற்கும். நோய் வந்த இடத்திலேயே பிளக்குச் சோதனையைச் செய்க.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர்க்குக் கரி மிகுதியாகப் படியும். புகைவழி கரியால் குறுகினாலும், ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொண்டாலும் வலுக் குறையும். நிறுத்துவதற்குச் சற்று முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துதல் வேண்டும். எண்ணெய்க் கலவையில், ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது’ என்னும் எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. ஐம்பதுக்கு ஒன்று என்று குறித்த எஞ்சினுக்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்று குறித்த பழைய எஞ்சினுக்கு 40 மில்லி. அவ்வவற்றின் கையேடு சொன்ன அளவே அளவு. மிகுந்த எண்ணெய் பிளக்கைக் கறுப்பாக்கிக் கரியைப் பெருக்கும். இது சமையலில் நெய் ஊற்றுவது போன்றதன்று. என் தமக்கை இவ்வுவமையை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

அந்த முடிச்சை அவள் அவிழ்த்துச் சங்கிலியைக் கழுத்தில் இட்டுக்கொண்ட பின்னரும், அத்தான் பல நாள் அந்தப் பட்டினத்தாரை ஏசிக்கொண்டிருந்தார். யான் அதில் முழுதும் உடன்படவில்லை. அவர் வஞ்சித்தார் என்பதற்குச் சான்றில்லை. அளந்து பாராமல் சொன்னார், அவ்வளவே. முதற் சனிக்கிழமை யானும் அதனையே செய்தேன். வேற்றுமை என்னவெனின், என் பிழைக்கு அத்தான் பணம் கொடுக்கவில்லை.

பிளந்த அக்குழாய்த் துண்டு இதோ மேசைமேல் இருக்கின்றது. கூட்டம் முடிந்தபின் எடுத்துப் பார்க்கலாம். உள்ளே விரலை விட்டால் அந்த நாக்கு அகப்படும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்ப்ரெஷன் கேஜுடன் கரையில் இருப்பேன். எஞ்சின் தளர்ந்திருப்போர் படகைக் கொண்டு வருக. வரும்போது எந்நேரத்தில், எத்துணை நிமிஷம் ஓடியபின், எவ்விசையில் தளர்கின்றது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருமாறு வேண்டுகின்றேன். எழுதத் தெரியாதோர்க்கு அவர்தம் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். அப்பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை திருத்தி மதிப்பெண்ணும் இடுவேன்.